விலைக்கு முன்னால் தேதி

வீடு பார்க்க வருகிறவர்கள் படியேறும்போதே என்னிடம் கேட்பது, "எவ்வளவு குறைப்பாங்க?" நான் பதிலுக்குக் கேட்பது, "உங்க பணம் என்னிக்கு வரும்?" நிறையப் பேருக்கு இது பிடிப்பதில்லை. விலையைப் பேச வந்த இடத்தில் இவன் எதற்கு நம் பையைத் துழாவுகிறான் என்று பார்ப்பார்கள்.

குரோம்பேட்டை, பல்லாவரம், நங்கநல்லூர், மடிப்பாக்கம் பக்கம் பழைய பிளாட் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் உட்காருவது என் பிழைப்பு. லோன் பேப்பரையும் நானே பார்த்துக் கொடுப்பேன். புரோக்கர் என்றதும் முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. அதில் பாதி நியாயமும் உண்டு.

எங்கள் பக்கம் இப்போது விற்பவர் கைதான் ஓங்கியிருக்கிறது. காலி மனை என்பதே கிடையாது. தனி வீடு ஒன்று விலைக்கு வந்தால் பில்டர் ஜாயின்ட் வென்ச்சருக்குப் பேசி முடித்துவிடுகிறார். பத்திரம் சுத்தமாக இருந்து, 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் வீட்டுக்குள் வராத தெருவாகவும் இருந்துவிட்டால், அந்த பிளாட்டுக்கு விளம்பரமே தேவையில்லை; வாட்ச்மேன் வாய்வழியே ஆள் வந்துவிடும். இப்படிப்பட்ட நேரத்தில் விலையை அடித்துப் பேசினால் விற்பவருக்குக் கோபம்தான் வரும். ஆனால் அவருக்கும் ஒரு காரியம் இருக்கிறது. பெண்ணுக்குக் கல்யாணம், பையனுக்கு வெளிநாட்டுப் படிப்பு, அண்ணன் தம்பி பாகம் பிரிப்பது, வேறு ஊரில் வாங்கிய வீட்டுக்குத் தவணை என்று ஏதோ ஒன்று. அந்தக் காரியத்துக்கு ஒரு தேதி உண்டு. அந்தத் தேதிக்குப் பணத்தோடு வந்து நிற்பவரிடம் அவர் இறங்கி வருவார். நான் பார்த்தவரையில் இந்தத் தொழிலின் சூட்சுமம் இவ்வளவுதான். ஆனால் அந்தத் தேதியை உறுதியாகச் சொல்ல முடிவதற்குள் எத்தனை வேலை இருக்கிறது என்பதுதான் யாருக்கும் தெரிவதில்லை.

முதல் வேலை கையிருப்பைக் கணக்குப் பார்ப்பது. "இருபது பர்சன்ட் ரெடியா இருக்கு, மீதி லோன்" என்பார்கள். சரி, 68 லட்சம் விலை என்று வைத்துக்கொள்வோம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு, சொத்து மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் வங்கி கொடுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் வரம்பு. ஆகவே அதிகபட்சம் 54 லட்சத்து 40 ஆயிரம். நம் கையிலிருந்து 13 லட்சத்து 60 ஆயிரம். இதோடு முடிந்தது என்று நினைக்கிறார்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம் என்றால் 6 லட்சத்து 12 ஆயிரம். இதற்கு லோன் கிடையாது. இந்த அளவு விலையுள்ள வீட்டுக்கு முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் சொத்து மதிப்பில் சேர்க்கவே கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. பிறகு பிராசஸிங் ஃபீஸ், லீகல், வேல்யுவர், வங்கிக்குப் பத்திரம் ஒப்படைக்கும் எம்.ஓ.டி. பதிவுச் செலவு, என் கமிஷன், பெயின்டிங். இருபது பர்சன்ட் என்று தொடங்கியது முப்பதைத் தாண்டிவிடும்.

இதிலும் ஒரு வேடிக்கை. 2017 ஜூனிலிருந்து 2023 மார்ச் வரை இதே பதிவுக்கு 11 சதவீதம் கட்டினோம். அப்போது பதிவுக்கு அரசு குறிக்கும் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்து, பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 ஆக்கினார்கள். 2023 ஏப்ரலில் வழிகாட்டி மதிப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுபோய்க் கட்டணத்தை 2 ஆக்கினார்கள். மதிப்பு ஏறிவிட்டதே என்று எல்லாரும் புலம்பினார்கள். லோன் போட்டு வாங்குகிறவர் நிஜ விலையைத்தான் பத்திரத்தில் எழுதப்போகிறார். வழிகாட்டி மதிப்பு அதற்குக் கீழே இருக்கும் வரை அது ஏறினாலும் இறங்கினாலும் அவருக்கு ஒன்றுமில்லை. அவருக்கு 2 சதவீதம் மிச்சம். புலம்பியவர்களில் பாதிப் பேர் யார் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது வேல்யுவர். நாம் பேசிய விலை, அவர் போடும் மதிப்பு, இரண்டில் எது குறைவோ அதில்தான் வங்கி 80 சதவீதம் பார்க்கும். 68க்குப் பேசிய வீட்டுக்கு அவர் 64 போட்டால் லோன் 51 லட்சத்து 20 ஆயிரம்தான். மூன்று லட்சத்து 20 ஆயிரத்துக்கு அந்த நேரத்தில் எங்கே போவது? விற்பவர் பெருமையோடு காட்டும் மாடுலர் கிச்சனுக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் வேல்யுவர் பெரிதாக ஒன்றும் போடமாட்டார். அவர் பார்ப்பது கட்டடத்தின் வயது, தெருவின் அகலம், முக்கியமாக யு.டி.எஸ். எனப்படும் பிரிக்கப்படாத மனைப் பங்கு. பழைய மூன்று மாடிக் கட்டடத்தில் 950 சதுர அடி பிளாட்டுக்கு 480 சதுர அடி மனைப் பங்கு இருக்கும். 2019 கட்டட விதிகளில் கட்டக்கூடிய தளப்பரப்பு மனையளவில் ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்காக உயர்ந்த பிறகு வந்த கட்டடங்களில் அவ்வளவு கிடைப்பதில்லை. இருபது வருட பிளாட் வாங்குகிறாயா என்று கேலி செய்கிற சொந்தக்காரர்களுக்கு இந்த ஒரு விவரம் போதும்.

வீடு பார்ப்பதற்கு முன்பே வருமானத்துக்கான சாங்ஷனை வாங்கிவிடச் சொல்வேன். போனில் வரும் 'ப்ரீ அப்ரூவ்ட்' மெசேஜ் சாங்ஷன் அல்ல, விளம்பரம். சம்பளச் சீட்டு, இரண்டு வருட ஃபார்ம் 16, ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட் கொடுத்து, சிபில் பார்த்து, 'இவருக்கு இவ்வளவு தரலாம்' என்று எழுத்தில் வரவேண்டும். சிபில் மதிப்பெண் 300லிருந்து 900 வரை. 750க்கு மேல் இருந்தால் வட்டி பேசவே வாய் வரும். என்றோ மூடிவிட்டதாக நினைத்த கிரெடிட் கார்டில் சில நூறு ரூபாய் பாக்கி நின்று, மதிப்பெண்ணைக் கீழே தள்ளியிருப்பதை எத்தனையோ முறை பார்த்தாயிற்று. சொந்தப் பணத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பி.எஃப். வர எத்தனை நாள், நகையை வைப்பதா விற்பதா, மாமனார் தருவதாகச் சொன்னது ஃபிக்ஸட் டெபாசிட்டில் இருக்கிறதா அல்லது அறுவடையில் இருக்கிறதா.

பத்திரத்தைப் பார்ப்பது வக்கீல் வேலை. ஆனாலும் அவரிடம் போவதற்கு முன் நான் ஒரு புரட்டுப் புரட்டிவிடுவேன். வில்லங்கச் சான்று, மூலப் பத்திரங்களின் தொடர்ச்சி, பட்டா, பிளான் அனுமதி. நடுவில் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் வந்தால் அங்கே நின்றுவிட வேண்டும். 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டில் அதுவரை திருமணமாகாத மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்துப் போட்டுப் பிரித்துக்கொண்ட பத்திரத்தைப் பார்த்தால் வங்கி வக்கீல் முதலில் கேட்பது, "அக்கா தங்கச்சி யாராவது உண்டா?" அந்தக் கேள்வியை நாமே முதல் நாளில் கேட்டுவிட்டால் ஒரு மாதம் மிச்சம்.

இவ்வளவும் கையில் இருந்தால்தான் தேதியைப் பேச முடியும்.

குரோம்பேட்டையில் இரண்டாவது மாடி பிளாட் ஒன்று. மனைவி இல்லாத பெரியவர். மகளுக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்று கோயம்புத்தூரில் கட்டிக்கொண்டிருக்கும் பிளாட் ஒன்றுக்குப் பணம் கட்டியிருந்தார். கேட்ட விலை 72. ஏற்கெனவே ஒருவர் 70க்குச் சரி என்று சொல்லிவிட்டு, லோன் வந்ததும் பார்த்துக்கலாம் என்று போயிருந்தார். நான் அழைத்துப் போனது இளம் தம்பதி. இரண்டு பேருக்கும் வேலை, கையில் சாங்ஷன் லெட்டர், மனதில் 68.

பெரியவர் எடுத்த எடுப்பிலேயே, "எழுபத்திரெண்டுக்குக் கீழ பேச்சே கிடையாது, சொல்லிட்டேன்" என்றார்.

நான் விலைப் பக்கமே போகவில்லை. "கோயம்புத்தூர் வீட்டுச் சாவி எப்ப சார் கைக்கு வருது?"

"மே மாசம்ங்கறான். அதுக்குள்ள இன்னும் ரெண்டு தவணை கட்டணும். தை முடியறதுக்குள்ள ஒண்ணு."

"அப்ப இத வித்துட்டு மே வரைக்கும் எங்க இருப்பீங்க?"

அவர் பதில் சொல்லவில்லை. சாமான்களைப் பார்த்தார். அவருக்கு உறுத்திக்கொண்டிருந்தது அதுதான் என்று எனக்குப் பட்டது. அந்தப் பெண்ணுக்கும் பட்டிருக்க வேண்டும். நான் சொல்லிக்கொடுக்காமலே பேசினாள்: "ரெஜிஸ்ட்ரேஷன தை மாசமே வச்சுக்கலாம் அங்கிள். முழுப் பணமும் அன்னிக்கே வந்துரும். நீங்க மே வரைக்கும் இங்கயே இருங்க, வாடகை ஒண்ணும் வேண்டாம். ஆனா எங்களால அறுபத்தெட்டுக்கு மேல முடியாது."

பெரியவர் என்னைப் பார்த்தார். "லோன் நிச்சயமா?" சாங்ஷன் லெட்டரை எடுத்து மேஜையில் வைத்தேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, தேதியிலிருந்து கையெழுத்து வரை வரிவரியாகப் படித்தார். பிறகு, "அறுபத்தொன்பதாவது குடும்மா" என்றார். 72 எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. காபி வந்தது. 68க்கே முடிந்தது.

அந்தத் தம்பதி விட்டுக்கொடுத்தது என்ன? குடியிருக்கும் வீட்டுக்கு இன்னும் நான்கு மாத வாடகை, 88 ஆயிரம் ரூபாய். அதற்குப் பதில் 70 சொன்னவரைத் தாண்டி, இரண்டு லட்சம் குறைவாக வாங்கிவிட்டார்கள். இதைப் பெருந்தன்மை என்று மட்டும் விட்டுவிடக் கூடாது, எழுத்தில் வரவேண்டும். காலி செய்யும் தேதி போட்டுத் தனி ஒப்பந்தம் எழுதினோம். கிரயத் தொகை முழுவதையும் வாங்கிக்கொண்ட பிறகு பெரியவர் இரண்டு லட்சத்தை வாங்குபவரிடமே டெபாசிட்டாகக் கொடுத்து, சாவி கொடுக்கும் நாளில் திரும்ப வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு.

நடுவில் ஒரு சிக்கல் வந்தது. எங்கேயும் வருவதுதான். "பதினஞ்சு கையில குடுத்துடுங்க, மீதிய பத்திரத்துல போட்டுக்கலாம்" என்றார் பெரியவர். லோன் போடுகிறவருக்கு இது ஆகவே ஆகாது. பத்திரத்தில் விலை குறைந்தால் லோனும் குறையும், பதினைந்து லட்சம் ரொக்கத்துக்கு எங்கே போவது? ஆனால் இதை ஒழுக்கப் பிரச்சினையாகப் பேசினால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். நான் செய்தது, அவருடைய ஆடிட்டருக்குப் போன் போடச் சொன்னது. அவர் அந்த பிளாட்டை 2003இல் பத்து லட்சத்துக்குச் சற்று மேல் கொடுத்து வாங்கியவர். லாபத்துக்கு வரி வருமே என்பதுதான் பயம். ஆடிட்டர் போனிலேயே சொல்லிவிட்டார்: வீடு விற்ற லாபத்தை இரண்டு வருடத்துக்குள் வேறு வீடு வாங்குவதிலோ, மூன்று வருடத்துக்குள் கட்டுவதிலோ போட்டால் அதற்கு வரிவிலக்கு உண்டு, கோயம்புத்தூர் வீடே அதற்குப் போதும். ரொக்கமாக வாங்கினால்தான் தலைவலி. 2015 ஜூன் முதல் சொத்து விற்பனையில் 20 ஆயிரமோ அதற்கு மேலோ ரொக்கம் வாங்கக் கூடாது. வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம், அதுவும் வாங்கியவர் தலையில். பெரியவர் அதற்குப் பிறகு பதினைந்தைப் பற்றிப் பேசவில்லை. கறுப்பு கேட்கிறவர்களில் பாதிப் பேர் வரி எவ்வளவு என்று யாரிடமும் கேட்காமலே கேட்கிறவர்கள். மீதிப் பாதியிடமிருந்து எழுந்து வந்துவிடுவேன்.

50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் 1 சதவீதம் டி.டி.எஸ். பிடித்துக் கட்ட வேண்டும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பதிவு நாளன்று 68 ஆயிரம் குறைகிறதே என்று விற்பவர் சார்பதிவாளர் அலுவலக வாசலில் முறைத்துக்கொண்டு நின்றதுண்டு. விற்பவர் அமெரிக்காவில் இருக்கிற மகன் என்றால் கணக்கே வேறு. பிடித்தம் பல மடங்கு. குறைந்த பிடித்தத்துக்கு வருமான வரித் துறையிடம் அவர் சான்றிதழ் வாங்கும் வரை தேதி குறிக்காமல் இருப்பது நல்லது.

விற்பவர் வீட்டின் மேல் ஏற்கெனவே லோன் இருந்தால் பலர் பயந்து ஒதுங்கிவிடுகிறார்கள். போட்டி மிகுந்த சந்தையில் எனக்கு இந்த வீடுகள்தான் பிடிக்கும். வாங்க வருகிற ஆள் குறைவு, ஒரு வங்கி ஏற்கெனவே பத்திரத்தை அலசியிருக்கும். சொத்துப் பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் வாங்குவதற்கு 1882ஆம் வருட சொத்து மாற்றுச் சட்டமே கல்கத்தா, பம்பாயோடு மெட்ராஸின் பெயரையும் எழுதி இடம் கொடுத்திருக்கிறது. அவ்வளவு பழைய வழக்கம். ஆனால் நடைமுறையில் பொறுமை வேண்டும். விற்பவர் தன் வங்கியில் பாக்கி எவ்வளவு என்ற ஃபோர்குளோஷர் லெட்டரும், அவர்களிடம் என்னென்ன ஒரிஜினல் இருக்கிறது என்ற பட்டியலும் வாங்குவார். நம் வங்கியின் வக்கீல் ஜெராக்ஸை வைத்தே கருத்துச் சொல்வார். நம் வங்கி முதலில் பாக்கித் தொகைக்கு மட்டும் அந்த வங்கியின் பெயரில் டி.டி. எடுக்கும். அது போய்ச் சேர்ந்து, லோன் மூடி, ஒரிஜினல் வெளியே வரும் வரை ஒரு இடைவெளி உண்டு. நம் பணம் போய்விட்டது, வீடு நம்முடையது இல்லை. அந்த இடைவெளியைச் சமாளிப்பதில்தான் கைப்பழக்கம் வேண்டும். டி.டி. கொடுக்கும் முன்பே கிரய ஒப்பந்தத்தில் அந்தத் தொகையை அட்வான்ஸாக எழுதி வாங்க வேண்டும். ஒரிஜினல் யார் கையில் தரப்படும் என்று விற்பவர் தன் வங்கிக்குக் கடிதம் கொடுக்க வேண்டும். லோன் முடிந்து 30 நாளுக்குள் பத்திரத்தைத் திருப்பவேண்டும், வங்கியால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் என்று ரிசர்வ் வங்கி விதித்தது 2023 டிசம்பர் முதல் நடப்பில் இருப்பது உதவியாக இருக்கிறது. எல்லாம் முடிந்தபின் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: பழைய எம்.ஓ.டி.யை ரத்து செய்யும் ரசீதைச் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும். இல்லாவிட்டால் கட்டி முடித்த லோன் வில்லங்கத்தில் நின்றுகொண்டே இருக்கும்.

ஒப்பந்தத்தில் நான் விடாமல் போடும் வரி ஒன்று. பத்திரக் குறையால் வங்கி லோன் மறுத்தால் அட்வான்ஸ் முழுவதும் திரும்ப வரவேண்டும். 'லோன் கிடைக்காவிட்டால்' என்று பொத்தாம்பொதுவாக எழுதக் கேட்டால் விற்பவர் ஒப்பமாட்டார். உன் சம்பளம் பற்றாததற்கு என் வீடு ஏன் மூன்று மாதம் முடங்க வேண்டும் என்பார். அது நியாயம். வருமானத்தால் மறுத்தால் நம் நஷ்டம், சொத்தால் மறுத்தால் அவர் பொறுப்பு. இப்படிப் பிரித்து எழுதினால் யாரும் மறுத்து நான் பார்த்ததில்லை. வருமான சாங்ஷனை முன்பே வாங்கியவருக்குத்தான் இந்த வரி தைரியம் தரும்.

ஆடி மாதத்தைப் பற்றிக் கேட்பார்கள். ஆடியில் பதிவு அலுவலகங்கள் ஈயோட்டும். ஆடிப்பெருக்கன்று மட்டும் அரசே கூடுதல் டோக்கன் அறிவிக்கும். வழக்கமாக நூறு டோக்கன் தரும் அலுவலகத்தில் அன்று 150. ஆடியில் வீட்டை விலைக்குப் போடுகிறவருக்கு அவசரம் இருக்கிறது என்று அர்த்தம். பேச்சை ஆடியில் முடித்து, அட்வான்ஸை ஆவணி முதல் முகூர்த்தத்தில் கொடுப்பதில் யாருக்கும் தோஷமில்லை. லீகல், வேல்யுவர் வேலைக்கும் அந்த இடைவெளி ஒத்துவரும்.

புது பிளாட்டில் பில்டரிடம் பேசுவது வேறு வித்தை, எனக்கு அதில் சுவாரஸ்யம் கம்மி. சதுர அடி விலையை அவர் குறைக்க மாட்டார். முன்பே வாங்கியவர்கள் சண்டைக்கு வருவார்கள். கார் பார்க்கிங், மரவேலை, பதிவுச் செலவில் பங்கு என்று வேறு பெயரில் தருவார். முடிவுச் சான்றிதழ் வராத கட்டடத்துக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, வந்ததற்கு இல்லை. இதைக் கணக்கில் சேர்க்காமல் இரண்டையும் ஒப்பிடுகிறார்கள்.

பதிவோடு பேரம் முடிந்துவிட்டது என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்குக் காட்டுவேன். 2021இல் 6.75 சதவீதத்துக்கு 50 லட்சம், 20 வருடம் என்று வாங்கியவருக்கு மாதத் தவணை 38,018 ரூபாய். ரெப்போ விகிதம் 2022 மே தொடக்கத்தில் 4 சதவீதம். 2023 பிப்ரவரியில் 6.5. அவருடைய வட்டி 9.25 ஆனது. ஒரு வருடம் கட்டியிருந்தால் பாக்கி ஏறக்குறைய 48 லட்சத்து 78 ஆயிரம். அதற்கு மாத வட்டியே 37,600. தவணையை ஏற்றாமல் காலத்தை மட்டும் நீட்டினால் அந்தக் கடன் முடிய இன்னும் 49 வருடம் ஆகும். வங்கிகள் சத்தமில்லாமல் காலத்தை நீட்டிக்கொண்டு போனதால்தான், தவணையை ஏற்றுவதா காலத்தை நீட்டுவதா என்று கடன் வாங்கியவரையே கேட்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் சொன்னது. 2025 பிப்ரவரி முதல் ஜூன் வரை ரெப்போ 6.5இலிருந்து 5.5க்கு இறங்கியபோது பலர் தவணை குறைந்த சந்தோஷத்தில் இருந்தார்கள். தவணையை அப்படியே வைத்துக் காலத்தைக் குறையுங்கள் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கச் சொல்லி அவர்களை வங்கிக்கு அனுப்பினேன்.

புதிதாக வருகிறவருக்குக் கால் பர்சன்ட், அரை பர்சன்ட் குறைத்துக் கொடுத்துவிட்டுப் பழைய வாடிக்கையாளரைச் சும்மா விட்டுவைப்பது வங்கிகளின் வழக்கம். வேறு வங்கியின் ஆஃபரைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் கேட்டால் ஒரு சிறு கட்டணத்தோடு இங்கேயே குறைத்துவிடுவார்கள். குறைக்காவிட்டால் மாறலாம், மாறும் வட்டிக் கடனுக்கு முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது. ஆனால் மாறினால் எம்.ஓ.டி., ரசீது, லீகல், வேல்யுவர் எல்லாம் திரும்ப முதலிலிருந்து. 50 லட்சம் பாக்கியில் அரை பர்சன்ட் என்பது முதல் வருடத்தில் 25 ஆயிரம் ரூபாய் மிச்சம்; இன்னும் பதினைந்து வருடம் இருக்கிறது என்றால் தாராளமாக அலையலாம். பாக்கி பத்து லட்சத்துக்குக் கீழே வந்துவிட்டவர் வந்து கேட்டால், பேப்பரை வாங்கிப் பார்த்துவிட்டு, வேண்டாம், போனஸ் வந்தால் அசலில் கட்டிவிடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுவேன். எனக்கு அதில் கமிஷன் இல்லை என்பது வேறு விஷயம்.